நடுவில் விழும் பந்து யாருடையது?



துபாயில் வேலை பார்க்கும் என் மகனிடம் ஒரு மாதம் தங்கியிருந்தேன். மாலையில் அவன் 'பேடல்' என்னும் பந்தாட்டத்துக்குப் போவான். நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மளிகைக் கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று எண்ண வேண்டாம். 30 ஆண்டுகள் கடை நடத்தியும் எனக்குப் புரியாத ஒன்று அங்கேதான் புரிந்தது.

1969-ல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கொர்குவேரா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய ஆட்டம் இது. பின்னர் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் செழித்தது. களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவே வலை, பின்னால் சுவர். தரையில் ஒருமுறை பட்டுச் சுவரில் மோதித் திரும்பும் பந்தையும் அடிக்கலாம். பக்கத்துக்கு இருவர் ஆடுவர்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி நடந்தது. இருவருமே கெட்டிக்காரர்கள், ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் வலையருகே ஓடினால் மற்றவர் சுவரோரம் நிற்பார். இடையே பெரிய ஓட்டை! பயிற்சியாளர் மட்டைகளை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கயிற்றின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடிக்கச் சொன்னார். முன்னே போனால் இருவரும் முன்னே. பந்து தலைக்கு மேல் பறந்தால் இருவரும் பின்னே. இடப்பக்கம் போனால் இருவரும் இடப்பக்கம். "அப்படியானால் வலது ஓரம் காலியாகுமே?" என்று ஒருவர் கேட்டார். அந்த மூலைக்கு அடிப்பது எதிராளிக்குக் கடினம், நடுவில் அடிப்பது சுலபம். எனவே சுலபமான வழியை முதலில் அடையுங்கள் என்றாராம். மகன் விளக்கினான்.

நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். இருவரும் வலக்கைக்காரர் என்றால் பெரும்பாலும் இடப்பக்கம் நிற்பவர் எடுப்பார்; அவருடைய வலக்கை நடுப்பக்கம் இருக்கிறது. பேசி வைத்ததோடு விடுவதில்லை. ஸ்பானிய மொழியில் 'மீயா', 'தூயா' என்று, அதாவது 'என்னுடையது', 'உன்னுடையது' என்று, வாய்விட்டும் சொல்லிக்கொள்கிறார்கள். அர்ஜென்டினாவின் பெலஸ்தகீனும் ஹுவான் மார்ட்டின் டியாஸும் 2002 முதல் 2014 வரை ஒரே ஜோடியாக உலக முதலிடத்தில் இருந்தார்கள். கைத்திறன் மட்டும் இருந்தால் 13 ஆண்டுகள் நிலைக்குமா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் ஒரு நண்பரும் கூட்டாகக் கடை வைத்திருந்தோம். அவர் கொள்முதலில் சூரர். நான் கல்லாவில் கறார். ஒரு வாடிக்கையாளரிடம் பெரிய பாக்கி நின்றது. அவர் கேட்பார் என்று நான் இருந்தேன். நான் கேட்பேன் என்று அவர் இருந்தார். பாக்கிக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். போன பணத்தைச் சம்பாதித்துவிட்டோம். ஆனால் "உன்னால்தான்" என்று ஒருவரையொருவர் சொன்ன சொல் ஆறவில்லை. அந்த ஆண்டே பாகம் பிரிந்தோம். இன்று தெருவில் கண்டால் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், கூட்டு வியாபாரத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு என்கிறது. பந்தை விட்டவர் ஒருவரே ஆனாலும் தோற்பது இருவரும்தானே!

ஆகவே கூட்டாகக் கடை நடத்தும் நண்பர்களும் அண்ணன் தம்பிகளும் எண்ணிப் பாருங்கள். பாக்கி வசூல், சரக்கு இருப்பு, தராசு முத்திரை, வாடகை என ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். ஒருவர் மண்டிக்குப் போனால் மற்றவர் தம் இடத்திலேயே நிற்காமல் அவர் வேலையையும் பார்க்க நகர வேண்டும். வாரம் ஒருமுறை கணக்கு முடித்ததும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

நாங்கள் அந்த அரைமணி நேரத்தைச் செலவிடவில்லை. நீங்களாவது செலவிடுங்கள்.