பூட்டு யாருக்குப் பகை?

பயணம் புறப்படுகிறவன் தன் பெட்டியைப் பூட்ட வேண்டுமா, பூட்டாமல் விட வேண்டுமா? கேட்பதற்கு இது சிறிய வினா. ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து தமிழகம் போய்வரும் குடும்பங்களுக்கு, படித்தவர் எனப்படுவோரே இதற்கொரு விடை சொல்லிக் கொடுக்கின்றனர். “பூட்ட வேண்டாம். பூட்டினால் உடைத்துவிடுவார்கள். பூட்டு இருந்தாலும் திருடன் திறந்துவிடுவான். அதற்கும் மேலாக, தோட்டத்து ஏழையின் பெட்டியில் திருட என்ன இருக்கிறது?” இதுவே அவ்விடை. கேட்கப் பட்டறிவு போல் தோன்றும் இப்பேச்சு, உண்மையில் அடிமைக் காலத்தின் மிச்சமாகும்.

இப்பேச்சின் கடைசிப் பகுதியையே முதலில் ஆராய வேண்டும். நச்சு அங்கேதான் இருக்கிறது. ஏழையின் பெட்டியில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் ஏழையின் பெட்டியை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறாரா?

1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை, கங்காணிகள் திரட்டிய மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கினர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1973 வரை வங்கக் கடலில் ஓடியது. அதன் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் படுத்து வந்தவர்களுக்குக் கூரை உறுதியில்லை, கூலி உறுதியில்லை, திரும்பிப் போகும் நாளும் உறுதியில்லை. தகரப்பெட்டி ஒன்றும் அதன் பூட்டும் மட்டுமே அவர்களுக்கு உறுதியாக இருந்தன. லயத்து வீட்டின் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். கதவு தோட்டத்துக்குச் சொந்தம். பால் மங்கும் வாளியும்கூடத் தோட்டத்துக்கே சொந்தம். துரையும் கிராணியும் கங்காணியும் கேளாமல் கைவைக்க இயலாத இடம் அந்தப் பெட்டி ஒன்றே. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் புடைவை, ஊரிலிருந்து வந்த கடிதம், இறந்த பிள்ளையின் புகைப்படம் என ஒரு குடும்பத்தின் வரலாறே அதற்குள் இருந்தது. அதன் சாவியைத் தாய் முந்தானையில் முடிந்திருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்துச் சிரிப்பவர், அந்தத் தாய்க்கு இவ்வுலகில் வேறெந்தக் கதவின் சாவியும் இருந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்.

1969ஐ ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற விதியால் வாழ்விழந்து திரும்பியோரும் அந்தப் பெட்டியுடனேயே கப்பலேறினர். ரஜூலா நின்ற பிறகு ‘சிதம்பரம்’ ஓடியது. 1985இல் அதில் மூண்ட தீயோடு கப்பற்பயணக் காலம் முடிந்தது. 1998இல் செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. நீலாய்க்கும் லாபுவுக்கும் அது கூப்பிடு தூரம். செம்பனை மரங்களுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்கள் அத்தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் புதுமையல்ல. நான்கு மணி நேரத்தில் சென்னையோ திருச்சியோ வந்துவிடுகிறது. தகரப்பெட்டியின் இடத்தில் சக்கரம் வைத்த பெட்டி வந்துவிட்டது. பெட்டி மாறியதால் அதில் உள்ளவற்றின் அருமை குறைந்துவிடுமா? இரண்டாண்டு சேமித்து மகளுக்கு வாங்கிய பட்டும், குலதெய்வத்துக்கென்று கொண்டு வந்த விளக்கும் கடையில் சில நூறு வெள்ளிதான் பெறும். தொலைத்தவளுக்கு அவற்றின் விலை அதுவன்று.

அடுத்த வாதம், “பூட்டினால் உடைப்பார்கள்” என்பது. சோதனையே கூடாது என்று எவரும் சொல்லார். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடலருகே வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள் மாண்டன. பயணி ஏறாமலேயே அவன் பெட்டி மட்டும் ஏற்றப்பட்டதுதான் அப்பேரழிவுக்கு வழி திறந்தது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் மேலும் 270 பேர் மாண்டனர். பெட்டிகளை ஊடுகதிரால் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் திறந்து பார்ப்பதும் உயிர் காக்கும் பணி. ஆனால், திறந்து பார்க்கும் அதிகாரம் வேறு; திறந்தே வைத்திரு என்னும் கட்டளை வேறு. முதலாவதற்குச் சட்டம் உண்டு. இரண்டாவதைச் சொல்வது எந்தச் சட்டம்? ஆயிரம் பெட்டிகளில் ஒன்று திறக்கப்படலாம் என்பதற்காக ஆயிரம் பெட்டிகளையும் பூட்டாமல் விடுவது, தீயணைப்பு வண்டி வரக்கூடும் என்று வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். உடைத்தால் உடைக்கட்டும். பூட்டின் விலை பத்து வெள்ளி. உடைந்த பூட்டு, அதிகாரியோ கள்வனோ ஒருவர் உள்ளே கை வைத்தார் என்றாவது சொல்லும்.

இவ்வச்சம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அந்நாட்டில் 2003 தொடங்கி எல்லாப் பெட்டிகளும் சோதிக்கப்படுகின்றன. பூட்டை உடைக்காமல் திறப்பதற்காக, அதிகாரிகளிடம் பொதுச்சாவி உள்ள பூட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சிவப்பு நிறச் சாய்சதுரக் குறி இருக்கும். 2014இல் அப்பொதுச்சாவிகளின் படம் ஒரு செய்தித்தாளில் வெளியாகியது. மறு ஆண்டில் அவற்றின் அச்சு வடிவம் உலகெங்கும் பரவியது. இன்று அச்சாவியை எவரும் செய்துகொள்ளலாம். சிரம்பான் கடைத்தெருவில் அந்தப் பூட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கித் திருச்சிக்குப் போகிறவர், தமக்குத் தேவையில்லாத நாட்டின் விதிக்காக, கள்வனிடமும் சாவியிருக்கும் பூட்டைப் போடுகிறார். அமெரிக்கா போகிறவர் அதை வாங்கட்டும். மற்றவர்க்குச் சாதாரண எண்பூட்டே மேல்.

“பூட்டு இருந்தாலும் பயனில்லை, பேனா முனையால் ஜிப்பைப் பிளந்துவிடுவான்” என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி உண்மை. ஜிப்பின் பற்களைப் பேனா முனையால் பிளக்க முடியும். எடுத்ததை எடுத்தபின், இழுப்பானை மறுபடியும் ஓட்டினால் பிளவு மூடிக்கொள்ளும். கைவைத்த தடயமே இராது. ஆனால், அந்தத் தந்திரம் இழுப்பான் ஓடினால்தான் பலிக்கும். இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துப் பெட்டியின் உடலோடு பொருந்திய வளையத்தில் பூட்டிவிட்டால், பிளந்தவனால் மூட முடியாது. பெட்டி வாய் பிளந்தே வந்து சேரும். இழுப்பான்களை ஒன்றோடொன்று மட்டும் பூட்டித் தொங்கவிடுவது பாதிப் பூட்டு. பூட்டு பயனற்றது என்பவர் கண்டது இந்தப் பாதிப் பூட்டைத்தான்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பூட்டும் துணிந்த கள்வனைத் தடுக்காது. பூட்டு காவலாளி அன்று, அது சாட்சி. சாட்சியின் மதிப்பு வழக்கு வரும்போதுதான் தெரியும். மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒப்படைத்த பெட்டி சேதமுற்றால் பெற்ற நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி தாமதமாக வந்திருந்தால் 21 நாட்கள். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் இறுதி முதல் 1519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். அதாவது, பல ஆயிரம் வெள்ளி. தோட்டத்து மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெட்டி பூட்டாமல் வந்திருந்தால், முறையிடுகிறவரிடம் காட்ட என்ன இருக்கும்? “நீங்கள் வைக்க மறந்திருப்பீர்கள்” என்ற ஒரே சொல்லில் அவர் வாய் அடைக்கப்படும். உடைந்த பூட்டோடு வருகிறவரிடம் அப்படிச் சொல்வது எளிதன்று.

பொருள் போவதைவிடப் பெரிய இடரும் உண்டு. பெட்டியிலிருந்து எடுக்கிறவனைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். பெட்டிக்குள் வைக்கிறவனைப் பற்றிப் பேசுவோர் இல்லை. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, போதைப்பொருள் அடங்கிய எதையேனும் தன் பொறுப்பில் வைத்திருந்தவன், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அப்பொருளை உடைமையாக வைத்திருந்தவனாகவும் அதன் தன்மையை அறிந்தவனாகவும் கருதப்படுவான் என்கிறது. கட்டாயத் தூக்குத் தண்டனை 2023இல் நீக்கப்பட்டது. ஆனால், கடத்தலுக்குத் தூக்கு விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்றும் உண்டு. 2004இல் பாலித் தீவில் இறங்கிய ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் பூட்டாத பையில் நான்கு கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தது. வேறெவரோ வைத்துவிட்டார் என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை, இருபது ஆண்டுச் சிறை விதித்தது. அவர் கூற்று மெய்யோ பொய்யோ, அது இங்கே வினா அன்று. மெய்யாகவே இருந்தாலும் அதைச் சொல்ல அவர் பைக்கு வாயில்லை.

“பூட்டியிருந்தால், சாவி உன்னிடம்தானே, நீயே வைத்தாய் என்பார்களே?” என்று கேட்கலாம். தக்க வினாதான். அதனால்தான் பூட்டுதல் விமான நிலையத்தில் தொடங்குவதன்று, வீட்டில் தொடங்குவது. தன் பெட்டியைத் தானே அடுக்க வேண்டும். “ஊரில் என் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்” என்று அறிமுகமில்லாதவர் நீட்டும் பொட்டலத்தை மறுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் பூட்ட வேண்டும். அவ்வாறு பூட்டியவனுக்குச் சிதையாத பூட்டு அச்சம் தராது. சிதைந்த பூட்டு அவன் பக்கம் பேசும். திறந்த பெட்டியோ எவர் பக்கமும் பேசாது. நகை, பணம், கடப்பிதழ், மருந்து ஆகியவை ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகவே கூடாது. அவை கைப்பையில் உடன்வர வேண்டும். பெட்டியை வாங்கியவுடன், மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பூட்டைப் பார்க்க வேண்டும். குறையிருந்தால் அங்கேயே எழுத்தில் பதிந்து நகல் பெற வேண்டும்.

இதைச் சொல்லித்தர வேண்டியவர் யார்? தமிழாசிரியரே. வள்ளுவர் திருடாதே என்று கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தோடு நில்லாமல், மறவாதே, சோர்ந்து இராதே என்று பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கள்வனுக்கு அறம் சொன்னவர் உடையவனுக்கும் அறம் சொன்னார். வகுப்பறையில் முன்னது விளக்கப்படும் அளவு பின்னது விளக்கப்படுகிறதா? திருமறைக்காட்டுக் கோயில் கதவு திறக்க நாவுக்கரசரும், மூடச் சம்பந்தரும் பாடினர் என்பது மரபு. நாகைத் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள ஊரின் கதை அது. திறப்பதற்கும் அடைப்பதற்கும் ஒருசேரப் பெருமை தந்தது தமிழ் மரபு. அடைக்கத் தெரியாதவனுக்குத் திறக்கும் உரிமையும் நிலைக்காது.

இன்னும் ஒன்று. முறையீட்டுப் படிவம் நிரப்புதல் எந்தக் கட்டுரைப் பயிற்சிக்கும் தாழ்ந்ததன்று. “நான் கண்ட கனவு” எழுதும் ஆறாம் ஆண்டு மாணவன், பாட்டியின் பெட்டி உடைந்ததற்கு ஒரு முறையீடும் எழுதக் கற்கட்டும். நாள், இடம், பொருள், விலை, வேண்டுகோள் என ஐந்தையும் தெளிவாக எழுதுகிறவனை எந்த முகப்பும் எளிதில் திருப்பி அனுப்பாது.

“நம்மிடம் என்ன இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லியே தோட்டத்து மக்கள் நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கணக்கும் கேட்கவில்லை. தன்னிடம் ஒன்றுமில்லை என்று நம்புகிறவனிடமிருந்து எதையும் எடுக்கலாம். அந்த நம்பிக்கையை ஒழிக்கும் முதற்பாடம் ஒரு சிறு பூட்டில் இருக்கிறது. பாட்டி முந்தானையில் முடிந்த சாவியைப் பேத்தி அவிழ்த்து எறிய வேண்டாம்.