தொலைவைக் காக்க ஒரு லென்ஸ்

இலக்கியம் பேசுகிற இடத்தில் காமிராக் கடைச் சமாசாரம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) நம்முடைய முதன்மையான காட்டுயிர்ப் படக்காரர்களில் ஒருவர் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம். 1950 முதல் கடைசிவரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட காமிராவால், கறுப்பு வெள்ளையில், யானைக் கூட்டங்களைப் படம் பிடித்தார். அந்தப் படங்களில் விலங்கு தன் காட்டோடு சேர்ந்து நிற்கும். இன்று நாம் காணும் படங்கள் பலவற்றில் கண்ணும் அலகும் மட்டுமே இருக்கின்றன, மரத்தைக் காணோம்.

நெடுந்தொலைவு லென்ஸ் வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர்?" என்பது. நம் கருத்தில் அது மூன்றாவது கேள்வி. எவ்வளவு தொலைவில் நிற்கப்போகிறோம், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்ற இரண்டும் அதற்கு முன்னால் வரவேண்டியவை.

விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட் மைதானத்தில் படக்காரர் எல்லைக்கயிற்றுக்கு வெளியேதான் உட்காரமுடியும். மட்டையாளர் ஏறக்குறைய 75 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். முழுச்சட்டக் காமிராவில் 400 மி.மீ. லென்ஸ் வைத்தால் அந்தத் தூரத்தில் சுமார் 6.75 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் அடங்கும், 600 மி.மீ. வைத்தால் 4.5 மீட்டர். தொலைவை நமக்காக வேறொருவர் தீர்மானித்துவிட்டதால், இங்கே மிஞ்சும் பிரச்சினை வெளிச்சம்தான். இரவு விளக்கொளியில் பந்தை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ வேண்டும். அதனால்தான் பத்திரிகைக்காரர்கள் எஃப் 2.8 துளையுள்ள 400 மி.மீ. லென்ஸைச் சுமக்கிறார்கள். 400ஐ 2.8ஆல் வகுத்தால் 143 மி.மீ. வருகிறது, அவ்வளவு அகலத்துக்காவது முன்கண்ணாடி இருந்தாக வேண்டும். எடையும் விலையும் அந்தக் கண்ணாடியிலிருந்து பிறப்பவை. புதிதாக வாங்கினால் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அதைக் கொண்டு பிழைப்பு நடத்துபவருக்கு அது நியாயமான முதலீடு. ஞாயிற்றுக்கிழமை ஆர்வலருக்கு அப்படியல்ல.

பறவைக்கு வருவோம். சிறு மீன்கொத்தியின் நீளம் சுமார் 16 சென்டிமீட்டர். 20 மீட்டர் தொலைவிலிருந்து 600 மி.மீ. லென்ஸில் பார்த்தால் அதன் பிம்பம் 5 மி.மீ.கூட இராது, 24 மி.மீ. உயரமுள்ள சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இங்கே நீளம் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பகல் வெளிச்சத்தில் எஃப் 6.3 துளையே பெரும்பாலும் போதும். 150-600, 200-600 வகை ஜூம் லென்ஸுகள் இரண்டு கிலோ அளவில், ஒன்றிரண்டு லட்சத்துக்குள் கிடைக்கின்றன. எஃப் 4 லென்ஸ் இவற்றைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பது உண்மையே. எனினும், வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும் கனத்த லென்ஸைவிடத் தோளில் தொங்கும் இலகுவான லென்ஸ் மேல். சிறு உணரி காமிராவில் 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ.க்குரிய பார்வைக்கோணத்தைத் தரும். அதுவும் ஒரு வழி. 1.4 மடங்குப் பெருக்கி ஒரு ஸ்டாப் ஒளியை விழுங்கும். 2 மடங்குப் பெருக்கி இரண்டு ஸ்டாப். அதிர்வுத் தடுப்பு நம் கைநடுக்கத்தை அடக்குமே தவிர, பறவையின் சிறகடிப்பை அடக்காது. வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சுமந்து பார்ப்பது பல மதிப்புரைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

இதுவரை சொன்னது கணக்கு. நம்மை எழுதத் தூண்டியது வேறு.

மைதானத்தில் கயிறு இருக்கிறது. ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் கயிறு இல்லை. வேடந்தாங்கலில் பார்வையாளர் கரையில் நிற்கிறார். கூடுகளுள்ள மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அந்தத் தண்ணீரே கயிறு. ஆனால் ஊருக்கு வெளியே பெயரில்லாத குளத்திலும் தரிசிலும் தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கு அத்தகைய காவல் கிடையாது. அங்கே 600 மி.மீ. லென்ஸோடு போனவரும் இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி என்று நெருங்குவதைப் பார்க்கிறோம். தாய்ப்பறவை எழுந்து கத்தியபடி சுற்றுகிறது. அது எழுந்த கணத்திலிருந்து முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன, காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. கிடைத்த படத்தை 'தாய்மையின் ஆவேசம்' என்று தலைப்பிட்டு நண்பர்கள் பாராட்டுகிறார்கள். அந்த ஆவேசத்துக்குக் காரணம் படம் எடுத்தவர்தான் என்பதை எவரும் சொல்வதில்லை.

நெடுந்தொலைவு லென்ஸுக்குச் செலவழிக்கும் பணம் விலகி நிற்கும் உரிமைக்காகக் கொடுக்கும் விலை என்பதே நமது கட்சி. 300 மி.மீ.இல் 10 மீட்டரில் நிற்க வேண்டியவர் 600 மி.மீ.இல் 20 மீட்டரில் நின்று அதே அளவுப் படத்தைப் பெறலாம். லென்ஸின் நீளம் முழுவதையும் பிம்பத்தைப் பெரிதாக்கவே செலவழித்தால், பறவைக்கு அதில் பங்கில்லாமல் போகிறது. பாதியையாவது அதற்கு விட்டுக்கொடுக்கலாம் அல்லவா? பறவை சிறகு கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி நம்மை நோக்கினால், எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். மெல்லப் பின்வாங்குவதே முறை.

பணமில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவனுக்கு நாம் சொல்லக்கூடியது பொறுமை ஒன்றே. புதர் மறைவில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், கூடில்லாத இடத்தில் பறவை தானாகவே அருகே வரும். அது பாதித் தொலைவைக் கடந்துவிட்டால் பிம்பம் இரட்டிப்பாகும். கையிலிருக்கும் 300 மி.மீ. 600 மி.மீ.இன் வேலையைச் செய்துவிடும். அதோடு, உச்சிவெயிலில் தண்ணீர் மேல் நடுங்கும் காற்றை எந்த விலையுயர்ந்த கண்ணாடியாலும் நேராக்க முடியாது. அந்த நேரத்தில் பத்து லட்ச ரூபாய் லென்ஸுக்குச் சொந்தக்காரரும் மரநிழலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியவர்தான்.

லென்ஸ் வாங்கப்போகும் நண்பர்கள் தாராளமாக நீளமானதையே வாங்கட்டும். வாங்கிய பிறகு, முன்பு நின்ற இடத்திலிருந்து பத்தடி பின்னால் போய் நிற்கட்டும். நம் வேண்டுகோள் அவ்வளவே.