வீட்டில் தொடங்க வேண்டிய தடுப்பு

ஸ்பானிஷ் மொழியில் 'எல் கே திரான்' என்றொரு வழக்கு உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நம் வீடுகளில் அஞ்சுகிறோமே, அதே அச்சத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அமெரிக்காவில் வாழும், லத்தீன் அமெரிக்க வழிவந்த 'லத்தீனோ' குடும்பங்களில், ஆணை விரும்பும் மகன் தன்னைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்கும், எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போகத் தயங்குவதற்கும் பல நேரம் இந்த அச்சமே காரணம். அந்த மௌனத்தின் விலையை இளைஞர்கள் தங்கள் உடலால் கொடுக்கிறார்கள்.

2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 31,800 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. லத்தீனோக்கள் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. புதிய தொற்றிலோ அவர்கள் பங்கு மூன்றில் ஒன்று. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள். 2018 முதல் 2022 வரை நாடு முழுவதும் புதிய தொற்று 12 விழுக்காடு குறைந்தது. லத்தீனோக்களிடையே அப்படிக் குறிப்பிடும்படியான இறக்கம் ஏற்படவில்லை.

இத்தனைக்கும் தடுப்பு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தொற்று வருமுன் உட்கொள்ளும் 'பிரெப்' மாத்திரை பலன் தரும் என்று 2010இல் உலகுக்குக் காட்டியது 'ஐபிரெக்ஸ்' ஆய்வு. ஆறு நாடுகளில் 2,499 பேர் அதில் பங்கேற்றார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கையரும்தாம் அவர்கள். பெரும்பாலோர் பெருவையும் எக்குவடோரையும் சேர்ந்தவர்கள். மாத்திரை பெற்ற குழுவில் தொற்று 44 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் மருந்து தென்பட்டவர்களுக்கோ பாதுகாப்பு 90 விழுக்காட்டைத் தாண்டியது. 2012 ஜூலையில் அமெரிக்க அரசு இம்மாத்திரையைத் தடுப்புக்கு அனுமதித்தது. ஆனால் பத்தாண்டு கழித்து, 2022இல், இது தேவைப்படும் வெள்ளையரில் நூற்றுக்கு 94 பேருக்கு மருந்துச்சீட்டு எழுதப்பட்டபோது, லத்தீனோக்களில் நூற்றுக்கு 24 பேருக்கே எழுதப்பட்டது. பெருவின் லிமாவிலும் எக்குவடோரின் குவாயாகிலிலும் தம் உடலைக் கொடுத்து இம்மருந்தை மெய்ப்பித்தவர்களின் மொழி பேசும் பிள்ளைகள், நியூயார்க்கிலும் மயாமியிலும் அதைப் பெறாமல் நிற்கிறார்கள். இது அநீதி.

மருத்துவக் காப்பீடு இல்லாமை, ஸ்பானிஷ் பேசும் மருத்துவர் கிடைக்காமை, குடியேற்ற ஆவணம் கேட்பார்களோ என்ற பயம் ஆகிய மூன்றும் வெளியே தெரியும் தடைகள். வெளியே தெரியாத தடை அவமானம். நியூயார்க், மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட 912 லத்தீனோ ஆண்களிடம் ரஃபேல் தியாஸும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. தன்பாலீர்ப்பின்மீதான வெறுப்பு, இனவெறி, வறுமை மூன்றும் சேர்ந்து மனத்தை நொறுக்குவதை அது காட்டியது. தன்னையே மதிக்காதவனிடம் தன் உடலைக் காத்துக்கொள் என்று எத்தனை சுவரொட்டி ஒட்டிச் சொன்னாலும் அது காதில் ஏறாது.

சான் பிரான்சிஸ்கோவில் கேட்லின் ரயன் குழுவினர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட வெள்ளை, லத்தீனோ இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. வளரும் பருவத்தில் பெற்றோரால் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டவர்கள், அத்தகைய புறக்கணிப்பு இல்லாதவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்ற வாய்ப்பு எட்டு மடங்குக்கும் மேல். பாதுகாப்பற்ற உறவில் ஈடுபட்ட வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். மிக அதிகமான எதிர்ப்பை வீட்டில் சந்தித்தவர்கள் லத்தீனோ ஆண்களே. பெற்றோர் தம் வெறுப்பைத் தணித்துக்கொண்டாலே பிள்ளையின் ஆபத்து குறையும் என்பதே இதில் நாம் பெற வேண்டிய பாடம்.

தாங்கி நின்றவர்களும் இருக்கிறார்கள். ஹவானாவில் பிறந்து 1980இல் குடும்பத்தோடு படகில் அமெரிக்கா வந்த பெட்ரோ சமோராவுக்குப் பதினேழு வயதில் தொற்று உறுதியானது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. பள்ளி பள்ளியாகச் சென்று பேசினார். 1994இல் எம்டிவி தொலைக்காட்சியின் 'தி ரியல் வேர்ல்ட்' நிகழ்ச்சியில் தோன்றி, எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு மனிதனின் முகத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் 22 வயதில் மறைந்தார். ஆனால் ஒவ்வோர் இளைஞனும் சமோராவாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. தனியொருவனின் மனவலிமையை நம்பிச் சமூகம் தன் கடமையைக் கைகழுவிவிடக் கூடாது.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். குடியேறியவர்களின் குடியிருப்பிலேயே, அவர்கள் மொழியிலேயே, பயமுறுத்தாத பரிசோதனை மையங்களை அமைப்பது அரசின் கடன். இளைஞன் கேட்கும்வரை காத்திராமல் பிரெப் பற்றித் தாமே எடுத்துச் சொல்வது மருத்துவர் கடன். ஞாயிறு பூசைக்கு வரும் தாய்மாரிடம், உங்கள் மகனைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வது பாதிரியார் கடன். தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உறவின் வழியே தொற்று பரவாது. இந்த உண்மையை ஓயாமல் சொல்வது ஊடகங்களின் கடன். இளைஞர்களுக்கும் ஒரு கடன் உண்டு: பரிசோதித்துக்கொள்வதும், உடன் வரத் தயங்கும் நண்பனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 15 அங்கே லத்தீனோ எய்ட்ஸ் விழிப்புணர்வு நாள். பெற்றோர் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு சாப்பிட உட்காரும்போதே, "நீ யாராக இருந்தாலும் இது உன் வீடு" என்று மகனிடம் சொல்லலாம். நாலு பேருக்கு அஞ்சும் வீடு எந்த ஊரில் இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், அந்தச் சொல்லை முதலில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றவர்களே.