கைபிடியிலே இருக்கிறது காரியம்

விமானி அமர்ந்து விமானத்தை இயக்கும் இடத்துக்குக் 'கொக்பிற்' என்று பெயர். அப்பெயரையே துவிச்சக்கர வண்டிப் பிரியர்கள் தம் வண்டியின் முன்பகுதிக்கும் வழங்குகின்றனர். ஹாண்டில், அதனைத் தாங்கும் கழுத்துத்துண்டு, பிறேக்குப் பிடிகள், ஹாண்டிலின்மேற் சுற்றும் நாடா ஆகியன சேர்ந்ததே அது.

கிரவல் வீதி எத்தகையது என்பதை நம் நாட்டு வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய பாதைக்கென்றே அமைந்த சைக்கிள்கள் அமெரிக்காவிலே பெருவழக்குப் பெற்றுள்ளன. கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பந்தயத்தின் முதன்மைத் தூரம் 200 மைல். ஏறக்குறைய 320 கிலோமீற்றர். இத்தனை தூரமும் கல்லின் அதிர்ச்சியைத் தாங்குபவை கைகளே. மணிக்கட்டினூடாகச் செல்லும் நரம்பு நெடுநேரம் அழுத்தப்படின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பிடியின் வலிமையும் குன்றும். பிறேக்கை அழுத்த இயலாத கை, இறக்கத்தில் உயிருக்கே உலை வைப்பதன்றோ? ஆதலின், பாகம் பாகமாக வண்டி கட்ட விரும்பும் இளைஞர், அழகை நோக்கி ஹாண்டிலைத் தேர்தல் தகாது.

முதலாவது, அகலம். தோளின் அகலத்தை அளந்து, அதற்கு ஒத்ததையோ சிறிது கூடியதையோ கொள்க. 42 முதல் 46 சென்ரிமீற்றர் வரையுள்ளவை பலர்க்குப் பொருந்தும். சிலர் குழாயின் நடுவிலிருந்தும் சிலர் வெளிவிளிம்பிலிருந்தும் அளந்து விற்பதால், எதனை அளந்தனர் என்று கேட்டறிதல் வேண்டும். கிரவல் ஹாண்டிலின் கீழ்வளைவு வெளிப்புறமாக விரிந்திருக்கும். 12 முதல் 16 பாகை வரையான விரிவு தளராத பிடிப்பைத் தரும். அதனிலும் மிகுந்தால் பிறேக்குப் பிடிகள் சரிந்து, சிலருக்கு மணிக்கட்டு நோவும்.

இரண்டாவது, கழுத்துத்துண்டு. 70 முதல் 90 மில்லிமீற்றர் நீளம் இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலனவற்றுக்கு ஏற்றது. அதன் வாயும் ஹாண்டிலின் நடுவும் ஒரே விட்டமுடையனவாதல் இன்றியமையாதது. இன்று பெருவழக்கிலுள்ளது 31.8 மில்லிமீற்றர். இரண்டும் ஒன்றாய் வார்க்கப்பட்டவை கண்ணைக் கவரும். ஆயினும் நீளம் பொருந்தாவிடின் முழுவதையும் மாற்ற நேரிடும். முதன்முறை கட்டுபவர்க்குத் தனித்தனிப் பாகங்களே சிக்கனமானவை. முன்கவையின் குழாயையும் அவசரப்பட்டு அறுக்கலாகாது. வளையங்களை இட்டுச் சில வாரம் ஓட்டி, உயரம் நிலைபெற்ற பின்னரே அறுக்க வேண்டும். அறுத்த குழாய் வளராது.

மூன்றாவது, மூலப்பொருளும் முடுக்கலும். காபன் ஹாண்டில் பாரம் குறைந்தது. அதிர்ச்சியையும் சிறிது தணிக்கும். அலுமினியமோ விலையில் எளியது. எதுவாயினும், ஆணிகளைப் பாகத்தின்மேற் பொறித்துள்ள அளவுக்கே முடுக்குக. அது பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் அளவினது. மிகை முடுக்கல் காபனை நசுக்கும். பலமாக விழுந்த காபன் ஹாண்டிலில் வெடிப்பு வெளித்தோன்றாமலும் இருக்கலாம். அதனைச் சோதியாது மீண்டும் ஏறலாகாது.

இறுதியாக, நாடா. 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள நாடா, விலையுயர்ந்த பாகங்கள் பல தாராத சுகத்தைக் குறைந்த செலவிலே தரும். விரல் மரத்தால் நாடாவை மட்டும் மாற்றி அமைதியுறாது, இருக்கையையும் ஹாண்டிலின் உயரத்தையும் ஒருங்கே சரிபார்க்க வேண்டும்.

வண்டிக்கு உடலைப் பொருத்துவதன்று, உடலுக்கு வண்டியைப் பொருத்துவதே அறிவுடைமை என்பது நம் கருத்து.