ரோமன் எண்களுக்கு இத்தனை விதிகள் எதற்கு?

ஒரே குறியை மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து எழுதக் கூடாது. வி, எல், டி ஆகியவற்றை இரட்டிக்கவே கூடாது. ஐ-யை வி, எக்ஸ் ஆகியவற்றிலிருந்து மட்டுமே கழிக்கலாம்; எக்ஸ்-ஐ எல், சி ஆகியவற்றிலிருந்து மட்டுமே. ரோமன் எண்கள் பாடம் வந்தால் பிள்ளைகள் இப்படி ஒரு பட்டியலை உருப்போடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். விதி இருக்கிறது, அதற்கான காரணம் இல்லை என்றால் வேறென்ன நடக்கும்? இட மதிப்பு தெரிந்த குழந்தைக்கு இந்தப் பட்டியலே தேவையில்லை என்கிறேன்.

1994-ஐ 1000, 900, 90, 4 என்று பிரிக்கத் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ரோமன் குறியில் எழுதி வரிசையாகச் சேர்த்தால் வேலை முடிந்தது: எம், சிஎம், எக்ஸ்சி, ஐவி. ஒன்றுகளின் இடத்துக்கு ஐ, வி, எக்ஸ். பத்துகளுக்கு எக்ஸ், எல், சி. நூறுகளுக்கு சி, டி, எம். மூன்று இடத்திலும் ஒரே அச்சுதான்: நான்கு என்றால் ஐந்தின் குறிக்கு முன்னால் ஒன்றின் குறி, ஒன்பது என்றால் பத்தின் குறிக்கு முன்னால் ஒன்றின் குறி. 0 வந்தால் அந்த இடத்தில் எழுத ஒன்றுமில்லை. 1005 என்பது வெறும் எம்வி. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு விதிகள் தாமாகவே வந்துவிடும். 99-ஐ ஐசி என்று சுருக்கக் கூடாதா? கூடாது, ஏனென்றால் 90 தனி, 9 தனி: எக்ஸ்சிஐஎக்ஸ். வி ஏன் இரட்டிப்பதில்லை? இரண்டு ஐந்துகள் சேர்ந்தால் பத்து, அதற்கென்று ஒரு குறி இருக்கிறது. எண்கள் 3999-உடன் நின்றுபோவதும் இதனால்தான். ஆயிரங்களின் இடத்தில் ஐந்துக்கு எழுத்து இல்லாததால் 4000-ஐ அந்த அச்சில் வார்க்க முடியாது. (குறியின் தலையில் கோடு போட்டு ஆயிரம் மடங்காக்கும் வழக்கம் உண்டு, பள்ளிக்கு அது வேண்டாம்.)

இட மதிப்பு எழுத்துமுறையே இல்லாத ரோமானியரின் எண்களை அதை வைத்து விளக்குவது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்று கேட்கலாம். அவர்கள் கணக்குப் போட்ட மணிச்சட்டத்தில் ஒன்று, பத்து, நூறு என்று தனித்தனிப் பத்திகள் இருந்தன. பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கு அந்நியமல்ல. வரலாறு பேசினால் சிக்கல் விதிப் பட்டியலுக்குத்தான். ரோம் நகரத்துக் கொலோசியத்தின் 44ஆம் வாயிலில் எக்ஸ்எல்-லுக்குப் பின் நான்கு ஐ செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே எண்ணில் நாற்பது கழித்தல் முறையில், நான்கு கூட்டல் முறையில். ஜெர்மனியின் சான்டனில் கிடைத்த மார்கஸ் கேலியஸ் நினைவுக்கல், கி.பி. 9-இல் அழிந்த 18ஆம் படையணியை எக்ஸ்ஐஐஎக்ஸ் என்கிறது. இருபதில் இரண்டு குறைவாம்! நம் வகுப்பில் இரண்டுக்கும் சிவப்பு மை விழும். பிற்காலத்தவரும் அப்படியொன்றும் கறாராக இருக்கவில்லை. லண்டனின் அட்மிரால்டி வளைவில் 1910-ஐக் குறிக்க டி-க்குப் பின் நான்கு சி நிற்கின்றன.

அப்படியானால் எப்படி எழுதினாலும் மதிப்பெண் போட வேண்டுமா என்பார்கள் ஆசிரியர்கள். வேண்டாம். அச்சுக்கும் கணினிக்கும் ஒரே வடிவம் தேவை. பள்ளியும் அதைக் கேட்கலாம். இடம் பிரித்து எழுதினால் கிடைப்பதும் சரியாக அந்த வடிவம்தான். கடிகார முகப்பில் நான்கு ஐ கண்ட பிள்ளை கேள்வி கேட்டால், ‘அது தப்பு’ என்று வாயடைக்காமல், ‘அதுவும் நான்குதான், நாம் இப்போது வேறு மாதிரி எழுத ஒப்புக்கொண்டிருக்கிறோம்’ என்று சொன்னால் போதும்.

தமிழ் வகுப்பறைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய தமிழ் எண்களிலும் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. 3000-க்கு ரோமன் முறையில் எம்-ஐ மூன்று முறை எழுதுகிறோம். தமிழர் ௩௲ என்று முன்னால் மூன்றைப் போட்டுப் பெருக்கினார்கள். 1994 தமிழில் ௲௯௱௯௰௪. பிரிப்பது அதே பிரிப்புதான். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு பாடவேளை கூடத் தேவைப்படாது.