பென்ஷனும் மனச்சோர்வும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சில மாதங்களுக்குள் பேச்சுக் குறைந்து, தூக்கமின்றி, எதிலும் பற்றின்றி மூலையில் உட்கார்ந்துவிட்டால், அதற்கு நம் மக்கள் சொல்லுகிற காரணம் என்ன? ஒன்று "வயதாகிவிட்டது" என்பது. அல்லது "ஏழரைச் சனி" என்பது. பரிகாரமோ திருநள்ளாறு!

வயது என்பதையே முதலில் எடுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியர் ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது. 2020-ல் அதை 59 ஆக்கினார்கள்; 2021-ல் 60 ஆக்கினார்கள். அதற்குள் மக்களுடைய உடலும் மூளையும் இரண்டு வயது இளமையாகி விட்டனவா? ஜெர்மனியில் 1889-ல் முதியோர் பென்ஷன் சட்டம் செய்தபோது 70 வயது என்றார்கள். 1916-ல் 65 ஆகக் குறைத்தார்கள். ஆகவே இது கஜானாக் கணக்கேயொழிய இயற்கை போட்ட கோடல்ல.

பின் ஏன் சோர்வு? நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையைத் தனக்குக் கிடைத்ததாக எண்ணியிருந்தவர், நாற்காலி போனதும் மரியாதையும் போவதைக் கண்டு திகைக்கிறார். ஆபீசுக்கு வெளியே தோழர் கிடையாது. படிக்கும் வழக்கம் கிடையாது. சொந்த ஜாதிக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கும் சாவுக்கும் போனதைத் தவிர ஊராரோடு கலந்து பழகியதும் கிடையாது. இதில் சனிக்கு என்ன வேலை?

பென்ஷன் வருகிறவர் பாடே இப்படியென்றால், வயலிலும் தறியிலும் தேய்ந்தவர் பாட்டைக் கேட்க வேண்டுமா? 2023-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது நாளொன்றுக்கு 40 ரூபாய். வெற்றிலைக்கு மகனிடம் கையேந்தி நிற்கிற கிழவருக்கு ஆத்மசாந்தியைப் பற்றி உபந்நியாசம் செய்வது சுத்த அயோக்கியத்தனம்.

இருக்கட்டும், ஐயா ஓய்வு பெற்றார். அம்மாள் எப்போது பெறுவது? அடுப்பங்கரைக்கு 60 வயது என்ற விதி உண்டா? பொழுது போகாத ஐயா ரசத்தில் குற்றம் கண்டுபிடித்துக் கொண்டிருந்தால் அந்த அம்மாளின் மனம் என்ன பாடுபடும் என்று எவராவது கேட்டதுண்டா?

மனுதர்மமோ, தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் கண்டவனைக் காட்டுக்குப் போகச் சொல்லுகிறது. பெரியார் அவர்கள் 94-வது வயதில், 1973 டிசம்பர் 19-ந் தேதி, சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார். 24-ந் தேதி காலமானார். எல்லோரும் பெரியார் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. முப்பது வருஷம் பிறர் மனுக்களைப் புரட்டிய குமாஸ்தா, எழுதத் தெரியாத அந்தத் தறிக்காரக் கிழவருக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கலாமே! சேரிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாமே! வீட்டில் காய்கறி நறுக்கினாலும் கௌரவம் குறைந்துவிடாது.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, உயிர் வாழ்வதே வெறுத்துப் போகுமானால், அது வியாதி. காய்ச்சலைப் போலவே மருந்துள்ள வியாதி. எள் விளக்குக்குச் செலவிடும் காசில் பஸ் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாதவர்கள், 2022-ல் சர்க்கார் ஏற்படுத்திய 14416 என்ற டெலிபோன் எண்ணைக் கூப்பிடலாம், அதற்குக் காசில்லை.