மலை வேலைக்கு டீசல் வண்டி: ரீல்ஸைப் பார்த்து இல்ல, உங்க ரோட்டைப் பார்த்து வாங்குங்க!

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி மாறியது. அன்னைக்கே பல பேரோட பார்வை கார் ஷோரூம் பக்கம் திரும்பிடுச்சு. காரணம், 4 மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசல் இன்ஜினும் உள்ள வண்டிகளுக்கு 31 சதவிகிதமாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. சரக்கு வண்டிகளுக்கு 28-லிருந்து 18. பெரிய எஸ்.யூ.வி-களுக்கு 50 சதவிகிதம் வரை போன வரி, இப்போ 40.

இன்னொரு பக்கம், டீசல் வண்டிகளோட லிஸ்ட் சுருங்கிக்கிட்டே வருது. மாருதி 2020-லேயே டீசலுக்கு குட்பை சொல்லிட்டாங்க. 2023-ல் வந்த ஜிம்னியும் பெட்ரோலில் மட்டும்தான். ‘டீசல் கதை முடிஞ்சுது’ என்று சிட்டியில் பேசிக்கிறாங்க. ஆனா கொல்லிமலையில் மிளகு ஏத்துறவங்களுக்கும், கோத்தகிரியில் கேரட் மூட்டை இறக்குறவங்களுக்கும் அந்தக் கதை இன்னும் முடியலை.

படிப்பை முடிச்சுட்டு குடும்பத் தோட்டத்தைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்கள், ஹோம்ஸ்டே நடத்துறவங்க, சோலார் பம்ப் மாட்டும் டீம்... எல்லோரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: ‘தாரா, பொலிரோவா, கேம்பரா?’

இதுக்குப் பதில் பிராண்டில் இல்லை. மூணு விஷயத்தில் இருக்கு. உங்க ரோட்டோட மோசமான ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும்? தினமும் எவ்வளவு எடை, எத்தனை ஆள் ஏறும்? வண்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்ல ரோட்டில் வேகமா ஓடுமா? இந்த மூணாவது கேள்வியைத்தான் பல பேர் கேட்கிறதே இல்லை.

டீசல்தான் வேணுமா?

மேட்டில் லோடோட ஏறும்போது குதிரைசக்தியைவிட டார்க்தான் முக்கியம். அதாவது, சக்கரத்தைத் திருப்புற விசை. அதுவும் எவ்வளவு குறைஞ்ச ஆர்.பி.எம்-மில் கிடைக்குது என்பதுதான் விஷயம். பொலிரோவோட 1.5 லிட்டர் டீசல் 75 பி.எஸ்-தான். பேப்பரில் பார்த்தா ‘இவ்வளவுதானா?’ என்று தோணும். ஆனா 210 நியூட்டன் மீட்டர் டார்க், 1,600 ஆர்.பி.எம்-மிலேயே வந்துடும். ஜிம்னியில் 134 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,000 ஆர்.பி.எம்-மில்.

ஜிம்னி மோசமான வண்டி இல்லை. எடை குறைவு, 4x4 உண்டு, சேற்றில் நல்லா போகும். ஆளும் கேமராவும் மட்டும் போகிற வேலைன்னா அது போதும். அரை டன் மூட்டையோட தினமும் ஏறணும்னா, ஒவ்வொரு வளைவிலும் இன்ஜினை அலறவிட்டுத்தான் ஏறணும். கிளட்ச் சீக்கிரம் தேயும்.

வரி குறைஞ்சது... 4x4 போச்சு!

வரிக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கு. தாரோட 1.5 லிட்டர் டீசல் 18 சதவிகித வரிக்குள் வருது. ஆனா அது பின்சக்கர டிரைவ் மட்டும்தான். 4x4 வேணும்னா 2.2 லிட்டர் டீசலுக்குப் போகணும்; அதுக்கு 40 சதவிகிதம். பொலிரோவும் பின்சக்கர டிரைவ்தான். ‘விலை குறைஞ்சிருக்கு, தார் எடுத்துடலாம்’ என்று நினைக்கிறவங்க, எந்தத் தார் என்பதைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. வெளியில் இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சரி, 4x4 எல்லோருக்கும் அவசியமா? இல்லை. காய்ஞ்ச கல் ரோடு, மழையில் மட்டும் கொஞ்சம் வழுக்கும் என்றால் நல்ல டயரும் உயரமான அடிப்பகுதியும் போதும். பின் ஆக்ஸிலில் லாக் ஆகும் டிஃபரென்ஷியல் இருந்தா இன்னும் நல்லது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுத்தும்போது, தரையில் இருக்கிற இன்னொரு சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கிறது அதுதான். பொலிரோ நியோவோட டாப் மாடலில் அது இருக்கு.

ஆனா செங்குத்தான மண் ரோட்டில் லோடோட இறங்கணும்னா கதை வேற. 4x4 வண்டியில் இருக்கும் ‘லோ ரேஞ்ச்’ கியர் ஏறுறதுக்கு மட்டும் இல்லை, இறங்குறதுக்கும்தான். இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. மலையில் உயிர் போறது பெரும்பாலும் ஏத்தத்தில் இல்லை, இறக்கத்தில். உங்க ரோட்டில் அப்படி ஓர் இறக்கம் இருந்தா, 4x4-ஐ ஆடம்பரக் கணக்கில் சேர்க்காதீங்க.

டி.பி.எஃப்: மலைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய மூணு எழுத்து

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 விதி. டீசல் காரோட புகையில் இருக்கும் துகள் அளவு, கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமா குறையணும் என்றாங்க. நுரையீரலுக்கு நல்ல விஷயம். அதுக்காக வந்ததுதான் டி.பி.எஃப். சைலன்சர் லைனில் இருக்கும் ஒரு வடிகட்டி. கரித்துகளைப் பிடிச்சு வெச்சுக்கும். நிறைஞ்சதும் சுமார் 600 டிகிரி சூட்டில் அதை எரிச்சு, தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்.

அந்தச் சூடு வரணும்னா வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓடணும். ஹைவேயில் 15, 20 நிமிஷம் போனா வேலை முடிஞ்சது. எஸ்டேட்டுக்குள்ளேயே முதல், ரெண்டாவது கியரில் தினமும் 6 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு அது நடக்காது. கரி சேரும், மீட்டரில் லைட் எரியும். கண்டுக்காம ஓட்டினா வண்டி சக்தியைக் குறைச்சுக்கும். அப்புறம் சர்வீஸ் சென்டர்தான். எரிக்கிறதுக்காகக் கூடுதலா பீய்ச்சுற டீசல், இன்ஜின் ஆயிலோட கலக்கவும் வாய்ப்பு இருக்கு.

அதனால, மலைக்கு டீசல் வாங்கினா ஒரு பழக்கம் வேணும். வாரம் ஒரு முறை சந்தைக்கோ, டவுனுக்கோ போற வேலையை இந்த வண்டிக்குக் கொடுங்க. லைட் எரிஞ்சா இன்ஜினை ஆஃப் பண்ணாம நல்ல ரோட்டில் ஓட்டுங்க. டி.பி.எஃப்-புக்கான சாம்பல் குறைஞ்ச ஆயிலை மட்டும் ஊத்துங்க. சுத்தம் நடக்கும்போது காய்ஞ்ச புல், சருகு மேல வண்டியை நிறுத்தாதீங்க. அடியில் இருக்கும் சூட்டுக்குத் தீப்பிடிக்கலாம்.

கேனில் டீசல் வாங்கி ஸ்டாக் வைக்கிற பழக்கத்தையும் கொஞ்சம் யோசிங்க. பழைய ஜீப் இன்ஜின்கள் அதையும் குடிச்சுட்டு ஓடும். இப்போதைய காமன் ரெயில் இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் கலந்த டீசல் எமன்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு வண்டியில் போகணும்னா, கேரளாவின் சூரியநெல்லி வழியாத்தான் போகணும். அந்தக் கல் ரோட்டில் பழைய மஹிந்திரா ஜீப்கள் இன்னமும் ஓடுறதுக்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. ஸ்பேனர் இருந்தா நடுவழியிலேயே சரி பண்ணிடலாம். புது வண்டி அப்படி இல்லை. லேப்டாப் மாட்டித்தான் பேசணும். ஆகவே, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கு என்பதும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

பின்னாடி ஆள் ஏத்தலாமா?

இதுதான் சீரியஸான விஷயம். பிக்கப்போட பின்பக்கத்தில் தொழிலாளர்களை நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறது மலையில் தினசரிக் காட்சி. சட்டப்படி சரக்கு வண்டியில் சரக்குதான் போகணும். ஆஷா ராணி வழக்கில் 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: சரக்கு வண்டியில் பயணியாகப் போனவங்களுக்கு இழப்பீடு தர இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை. அந்தச் சரக்கோட உரிமையாளருக்கோ, அவரோட பிரதிநிதிக்கோதான் விதிவிலக்கு. அதாவது, வண்டி கவிழ்ந்தா அந்தக் குடும்பங்களுக்கான இழப்பீடு உங்க தலையில். தோட்டத்தையே விற்க வேண்டி வரலாம்.

ஆளும் சரக்கும் சேர்ந்து போகணும்னா டபுள் கேப் வண்டி பாருங்க. பொலிரோ கேம்பர், டாடா யோதா க்ரூ கேப் மாதிரி. ஆர்.சி-யில் எத்தனை பேர் என்று இருக்கோ, அத்தனை பேர் உள்ளே சீட்டில். லோடுமேனுக்கான பாதுகாப்பைப் பாலிசியில் கேட்டுச் சேர்த்துடுங்க. ஹோம்ஸ்டே நடத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளை போர்டு ஜீப்பில் கெஸ்ட்டை காசுக்குக் கூட்டிட்டுப் போறதும் இதே சிக்கல்தான்.

லைசென்ஸ் பயம் மட்டும் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி லைசென்ஸ் வெச்சே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி பண்ணிடுச்சு.

செகண்ட் ஹேண்ட் ஓகேவா?

டி.பி.எஃப் தொல்லையே வேண்டாம் என்று பி.எஸ்-4 வண்டி தேடுறவங்க நிறைய. அவை 2020 மார்ச் வரை வித்தவை. டெல்லியில் 10 வருஷம் தாண்டின டீசலுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதால, அங்கிருந்து வரும் வண்டிகள் மலிவாத் தெரியும். என்.ஓ.சி, இங்கே மறுபடி கட்ட வேண்டிய சாலை வரி, 15 வருஷத்தில் மீதி எத்தனை வருஷம்... இதையெல்லாம் கூட்டிப் பார்த்துட்டுப் பேரம் பேசுங்க. சேஸிஸை அடியில் படுத்துப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க.

அப்போ எது?

தினமும் மூட்டை, கூட நாலு ஆள், செங்குத்தான மண் ரோடு: கேம்பர் 4x4. சரக்கு வண்டி என்பதால் வரியும் 18 சதவிகிதம்தான். சொகுசு எதிர்பார்க்காதீங்க. மூட்டை மட்டும், ரோடு ஓரளவு ஓகே: சாதாரண பிக்கப் போதும். குடும்பம், டவுன், கொஞ்சம் லோடு எல்லாத்துக்கும் ஒரே வண்டி: பொலிரோ. காட்டாறு கடந்து போற ரோடு, லோடு குறைவு, பட்ஜெட் இருக்கு: 2.2 லிட்டர் தார் 4x4, இல்லைன்னா முன்னும் பின்னும் டிஃப் லாக் உள்ள ஃபோர்ஸ் கூர்க்கா. ஓடுறதே தோட்டத்துக்குள்ள மட்டும்தான், டவுன் பக்கமே வராது என்றால், புது டீசலே வேண்டாம். டிராக்டரும் டிரெய்லரும் மலிவு.

கடைசியா, டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிச்சுக்காதீங்க. ‘எங்க ரோட்டுக்கு வாங்க, நாலு மூட்டை ஏத்தி ஓட்டிப் பார்க்கிறேன்’ என்று கேளுங்க. டி.பி.எஃப் லைட் எரிஞ்சா வாரன்ட்டியில் வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கோங்க. ரெண்டுக்கும் தலையாட்டுற டீலர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கலாம்.